214 இன்னும் வரவில்லை

காலை ஒன்பது பத்துக்கு ஒலிபெருக்கி ஒருமுறை இருமிவிட்டுப் பேசியது.

"வீராங்கனைகள் கவனத்துக்கு. பெண்கள் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் தகுதிச் சுற்று ஹீட்ஸ் பத்தே காலுக்கு. அழைப்புக் கூடாரம் ஒன்பது ஐம்பத்தைந்துக்கு மூடப்படும். நேற்று பங்கேற்பு உறுதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு இன்று வராமல் இருப்பவர்கள் மீதமுள்ள எல்லாப் போட்டிகளிலிருந்தும் நீக்கப்படுவார்கள். சுற்றறிக்கை எண் நான்கு. கையொப்பம், அமைப்புச் செயலாளர்."

அந்த அமைப்புச் செயலாளர் அப்போது பெவிலியன் படியில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளர் பாதி வழியில் நின்றது.

கல்லூரியின் விளையாட்டு இயக்குநர் அவர். எல்லோருக்கும் டைரக்டர். புதிதாக அறிமுகமாகிறவர்கள் "என்ன படம் சார் எடுத்திருக்கீங்க?" என்பார்கள். மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் 'விசில்' என்பார்கள். பதின்மூன்று வருடம் இதே மைதானத்தில் தடகளப் பயிற்சியாளராக இருந்து நாலு தேசிய ஓட்டக்காரர்களை உருவாக்கியவர். ஆறு வருடத்துக்கு முன் பதவி உயர்வு என்று சொல்லிக் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றிக் கையில் ரப்பர் ஸ்டாம்பைக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து பஸ் கேட்டுக் கடிதம், ஹைஜம்ப் பாய் வாங்க டெண்டர், கழிவறையில் தண்ணீர் வரவில்லை என்ற புகார். உட்கார்ந்து பழக்கமில்லாத மனிதருக்குச் சுழல் நாற்காலி போட்டால் என்ன ஆகும்? சுற்றிக்கொண்டே இருந்தார்.

டீயை வைத்துவிட்டு அறிவிப்புப் பலகைக்கு ஓடினார். சுற்றறிக்கை நான்கு கண்ணெதிரே ஒட்டியிருந்தது. அடியில் அவருடைய கையெழுத்து. திங்கட்கிழமை முப்பது காகிதங்களோடு காகிதமாக, ஒரு வரிகூடப் படிக்காமல் போட்டது.

சொந்தக் கையாலேயே குழி வெட்டி, பக்கத்திலேயே 'கவனம், பள்ளம்' என்று பலகையும் நட்டுவைத்திருக்கிறார்!

விஷயம் இதுதான். நேற்று மாலை ஐந்தரை மணிக்கு உறுதிச் சீட்டுகளைக் கட்டி அனுப்பும்போது புள்ளிப் பட்டியலைப் பார்த்தார். இந்தக் கல்லூரிகளுக்கிடையிலான மீட்டின் ஒட்டுமொத்தக் கோப்பைக்கு ஆறு புள்ளி குறைவு. வரும் வியாழக்கிழமை பல்கலைக்கழக விளையாட்டு இயக்குநர் பதவிக்கு நேர்காணல். கோப்பையோடு போய் உட்காருவதும் வெறுங்கையோடு போய் உட்காருவதும் ஒன்றா? எண்ணூறு மீட்டரில் கல்லூரியின் நம்பிக்கை நட்சத்திரமான செஸ்ட் நம்பர் 214-ஐ ஆயிரத்து ஐந்நூறுக்கும் சேர்த்துவிட்டால்? காலையில் கால் லேசாக இருந்தால் ஓடட்டும், இல்லையென்றால் விட்டுவிடலாம். அவர் காலத்தில் அப்படித்தான். ஐந்துக்குப் பெயர் கொடுத்து இரண்டுக்கு வருவார்கள். எவனும் ஏன் என்று கேட்டதில்லை.

சீட்டில் ஓடுகிறவளின் கையெழுத்து வேண்டும். அவள் அப்போது பக்கத்தில் இல்லை. அதற்கென்ன? மூன்று வருடமாக பஸ் பாஸ், படிப் பணம், காப்பீட்டுப் படிவம் என்று அவள் கையெழுத்தைப் பார்த்துப் பழகிய கை. வால் நீட்டி ஒரு சுழி. முடிந்தது.

இப்போது அவள் பத்தே காலுக்கு வந்து நிற்காவிட்டால், மாலை நாலு மணி எண்ணூறு மீட்டர் ஃபைனலிலும் நிற்க முடியாது. அந்த ஃபைனலில் முதல் இரண்டு இடம் பிடிப்பவர்களுக்குத் தேசியப் பயிற்சி முகாம். அவளுக்கு இது கடைசி வருடம். இன்னொரு மாலை நாலு மணி வராது.

பயிற்சியாளர், ட்ராக்கின் வளைவில் நூல் கட்டிக்கொண்டிருந்தாள். டைரக்டரிடமே ஓடிப் பழகியவள். அவர் விட்ட இடத்துக்கு வந்தவள்.

"ஏம்மா, தீக்குச்சி எங்கே?"

214-க்கு அதுதான் பட்டப்பெயர். உடம்பும் அப்படி, உரசினால் பற்றிக்கொள்கிற கோபமும் அப்படி.

"பரீட்சை எழுதுறா சார்."

"என்னது?"

"அரியர் பேப்பர். புள்ளியியல். ஒன்பதுலேர்ந்து பன்னெண்டு. மூணாவது தடவை எழுதுறா. இதுவும் போச்சுன்னா டிகிரி கிடையாது, முகாமுக்கும் எடுத்துக்க மாட்டாங்க. போன வாரமே சொன்னேனே சார், நீங்க பஸ் லெட்டர்ல இருந்தீங்க."

டைரக்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"என்ன சார், முகம் வெளுத்துப் போச்சு?"

சொன்னார். பாதி சொல்வதற்குள் அவள் கையிலிருந்த நூல்கண்டு கீழே உருண்டது.

"ஆயிரத்து ஐந்நூறு வேண்டாம்னு உங்ககிட்ட எத்தனை தடவை சொன்னேன்? ஆறு மாசமா எண்ணூறுக்குன்னு செதுக்கி வெச்சிருக்கேன் சார். ஆறு மாசம்!"

"சும்மா பேருக்குத்தாம்மா போட்டேன்..."

"நான் கோச்சா, நீங்க கோச்சா? இன்னைக்காவது சொல்லிடுங்க. நான் வீட்டுக்குப் போய்த் துணி துவைக்கிறேன்."

டைரக்டரின் கண் அவளைத் தாண்டிப் போயிற்று. அங்கே, ரிலே அணியில் ஒல்லியாக ஒருத்தி காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தாள். அதே உயரம். அதே குதிரைவால். 214 என்ற துணியை நாலு ஊக்கு போட்டுக் குத்தினால்...

"வேண்டாம் சார்," என்றாள் பயிற்சியாளர். திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. "நீங்க எங்கே பார்க்கிறீங்கன்னு தெரியுது. அதைச் செஞ்சா நானே போய்ச் சொல்லிடுவேன்."

மணி ஒன்பது இருபத்திரண்டு.

தலைமை நடுவரின் மேசை கூடாரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அவர் அந்தக் காலத்து நடைப்போட்டிச் சாம்பியன். வீடு தீப்பிடித்தாலும் நடந்துதான் வெளியே வருவார் என்பார்கள். விதிப் புத்தகத்தை அவர் கையில் வைத்துக்கொள்வதில்லை, நாக்கில் வைத்திருந்தார். பட்டப்பெயர் ரூல்தடி.

"அண்ணே, ஒரு சின்ன விஷயம்." டைரக்டர் சிரிப்பை வரவழைத்துக்கொண்டார். "நம்ம 214-க்கு இன்னைக்குப் பரீட்சை. ஆயிரத்து ஐந்நூறுக்கு வர முடியாது. தகுந்த காரணம் இருந்தா நடுவர் மன்னிக்கலாம்னு விதியில இருக்கே?"

"இருக்கே. பரீட்சைன்னு அவளுக்கு எப்போ தெரியும்?"

"அது... போன மாசமே."

"அப்போ நேத்து சாயங்காலம் தெரிஞ்சுதானே கையெழுத்துப் போட்டிருக்கா? தெரிஞ்சு போட்டுட்டு வராம இருந்தா அது காரணமா, சாக்கா?" ரூல்தடி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். "அவ போட்ட கையெழுத்துதானே?"

சாதாரணக் கேள்வி. ஆனால் அதைக் கேட்டுவிட்டு அவர் பேனாவைக் கீழே வைத்த விதம் சாதாரணமாக இல்லை.

பத்தொன்பது வருட சர்வீஸ் டைரக்டரின் வாயைத் திறந்து பதில் சொன்னது. "அவளோடதுதான்ணே."

"சரி. வந்தா ஓடட்டும். வராட்டி விதி."

ஒன்பது இருபத்தெட்டு. பரீட்சைக் கட்டடம் மைதானத்துக்கு மறுகோடியில், இரண்டாவது மாடி. நானூறு மீட்டர் இருக்கும். டைரக்டர் ஓடினார். வலது முழங்கால் மூன்றாவது அடியிலேயே புகார் மனு கொடுத்தது. தொந்தி ஒரு தாளத்திலும் கால் ஒரு தாளத்திலும் போயின. எதிரே வந்த இரண்டு மாணவர்கள் வழிவிட்டு நின்று, "விசில் ஏதோ ஹீட்ஸ்ல ஓடுதுடா" என்றார்கள்.

படியேறி மூச்சிரைக்க நின்ற இடத்தில், மேசை போட்டு உட்கார்ந்திருந்தார் முதன்மைக் கண்காணிப்பாளர். கணிதத் துறைப் பேராசிரியை. டைரக்டரைக் கட்டிக்கொண்டு இருபத்தொரு வருடம் ஆகிறது.

"என்னங்க இது, நாய் துரத்தின மாதிரி? தண்ணி குடிங்க முதல்ல."

"தண்ணி இருக்கட்டும். உள்ளே ஒரு பொண்ணு எழுதுறா. 214."

"இங்கே எல்லாம் ஹால் டிக்கெட் நம்பர். உங்க நம்பர் செல்லாது."

"தீக்குச்சி! அவளை ஒன்பது ஐம்பதுக்கு வெளியே விடணும்."

"ஒரு மணி நேரம் ஆகாம யாரும் வெளியே போக முடியாது. பத்து மணி."

"பத்து நிமிஷம்தானே வித்தியாசம்! கூடாரத்தை மூடிடுவாங்க. நீ நினைச்சா கண்ணை மூடிக்கலாம்."

மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தார். இந்த மனிதர் பொய் சொன்னால் இடது காது சிவக்கும். இப்போது இரண்டுமே சிவந்திருந்தன.

"முழுசா சொல்லுங்க."

சொன்னார். நேர்காணல், ஆறு புள்ளி, வால் நீட்டிய சுழி, கடைசியாக ரூல்தடியிடம் சொன்ன பொய் வரை.  

"பத்து நிமிஷம் நான் கண்ணை மூடிக்குவேன்னே வெச்சுக்கோங்க," என்றார் மனைவி கடைசியில். "வெளியே போனவளைத் திரும்ப உள்ளே விட முடியாது. அதுக்குள்ள முப்பது மார்க்குக்குத்தான் எழுதியிருப்பா. மூணாவது தடவையும் பெயில். சம்மதமா?"

"ஓட்டத்துல ஜெயிச்சா..."

"நீங்க போட்ட கையெழுத்துக்கு அவ பேப்பரை விடணும். அப்படித்தானே? நல்ல நியாயம்ங்க. வீட்டுக் கரண்ட் பில்லுக்கு எதிர்வீட்டுக்காரரைக் கட்டச் சொல்ற மாதிரி."

"நக்கலுக்கு இதுவா நேரம்?"

"நேரம் நீங்கதான் பார்க்கணும். எனக்குப் பன்னெண்டு மணி வரைக்கும் வேலை இருக்கு. நான் அவளைக் கூப்பிட மாட்டேன். வேணும்னா அந்த ஜன்னல்கிட்ட நின்னு நீங்களே கூப்பிடுங்க. எழுந்து வந்தா, பத்து மணிக்கு முன்னாடி ஏன் விட்டேன்னு மேலிடத்துக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

ஜன்னல் நாலடி தூரத்தில் இருந்தது.

உள்ளே நாற்பது மேசை. மூன்றாவது வரிசையில் தீக்குச்சி. சீருடைக்குக் கீழே, விதிக்குப் புறம்பாக, ஓட்டக் காலணி. மேசைக்கடியில் வலது முழங்கால் தையல் மெஷின் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. எழுதினாள், அடித்தாள், கால்குலேட்டரைத் தட்டினாள், நெற்றியைச் சொறிந்தாள், திரும்ப எழுதினாள்.

டைரக்டர் தொண்டையைச் செருமினார். பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அவள் நிமிர்ந்தாள். அவரைப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது! பரீட்சைக்கு வாழ்த்துச் சொல்ல ஒரு டைரக்டர் இரண்டு மாடி ஏறி வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. மணிக்கட்டைத் தொட்டு, நாலு விரலைக் காட்டி, 'நாலு மணிக்கு நான் ரெடி' என்று ஜாடை காட்டினாள். பிறகு தலையைக் குனிந்து எழுதத் தொடங்கினாள்.

அவரும் எதற்கோ நாலு விரலைக் காட்டினார். காட்டிவிட்டுத் திரும்பினார்.

"கூப்பிடலையா?" என்றார் மனைவி.

"மணி என்ன?"

"ஒன்பது நாப்பத்தி மூணு."

இறங்கும்போது படிகளை எண்ணிக்கொண்டே இறங்கினார். மூன்று இடத்தில் எண்ணிக்கை தவறியது. மைதானத்தின் குறுக்கே குண்டு எறியும் வட்டத்தைத் தாண்டும்போது, "சார், ஓரமா!" என்று யாரோ கத்தினார்கள். வியாழக்கிழமை, வியாழக்கிழமை என்று மண்டைக்குள் ஒரு குரல் லேப் எண்ணிக்கொண்டிருந்தது. பொய் சொன்ன வாய் ஒன்று, இப்போது எந்த முகத்தோடு உண்மையைச் சொல்வது? சும்மா இருந்துவிட்டால்தான் என்ன? அவள் நீக்கப்படுவாள். அழுவாள். 'விதி அப்படிம்மா' என்று அவரே ஆறுதல் சொல்லலாம். யாருக்கும் தெரியாது. பயிற்சியாளருக்குத் தெரியும். மனைவிக்குத் தெரியும். இரண்டு பேரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆயுள் முழுக்கப் பார்வையாலேயே கேட்பார்கள்.

கூடார வாசலில் ஒரு தொண்டர் பலகையைத் தூக்கிப் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தார். "214! செஸ்ட் நம்பர் 214! 214 இன்னும் வரவில்லை!"

ஒன்பது ஐம்பத்தொன்று. டைரக்டர் ரூல்தடியின் மேசை மீது இரண்டு கையையும் ஊன்றினார்.

"அண்ணே, அது அவ கையெழுத்து இல்ல. நான் போட்டது."

ரூல்தடி ஆச்சரியப்படவில்லை. மேசை டிராயரைத் திறந்து இரண்டு சீட்டை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இது எண்ணூறுக்கு, அவளே போட்டது. பேரை முழுசா எழுதியிருக்கா, வாலும் இல்ல சுழியும் இல்ல. இது ஆயிரத்து ஐந்நூறுக்கு. வால் இருக்கு. கையெழுத்தை மாத்தி ஆறு மாசம் ஆச்சாம்ப்பா, பேங்க்ல கணக்கு ஆரம்பிச்சப்போ. சீட்டைப் பார்த்ததும் நேத்து ராத்திரியே உன் கோச்சைக் கூப்பிட்டு, எதுக்குன்னு சொல்லாம விசாரிச்சேன். நீ பழைய மாடலைப் போட்டிருக்கே."

"அப்போ தெரிஞ்சேதான் கேட்டீங்களா?"

"கேட்டேன். நீ சொல்றியான்னு பார்த்தேன்."

"அப்பவே சொல்லியிருந்தா கிழிச்சுப் போட்டிருப்பீங்களா?"

ரூல்தடி இரண்டு சீட்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார். "ம்ஹூம். கிழிச்சிருக்க மாட்டேன். உன் மனசு ஆறட்டும்னு பொய் சொல்ல முடியாதுப்பா. எழுத்துல குடு."

எழுதினார். நாலு வரி. பத்தொன்பது வருடத்தில் அவர் எழுதிய கடிதங்களிலேயே சின்னது அதுதான். 

"அமைப்புக் குழுவிலேர்ந்து உன்னை எடுத்தாச்சு. கழுத்து அட்டையைக் குடு. இந்த மீட் முடியற வரை மைதானத்துக்குள்ள காலெடுத்து வைக்கக் கூடாது. இதைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பணும், அனுப்புவேன்." ரூல்தடி காகிதத்தை மடித்தார். "வியாழக்கிழமை ஏதோ நேர்காணல்னு கேள்விப்பட்டேன்."

"ஆமாண்ணே."

"புதுச் சட்டை எதுவும் எடுத்துடலையே?"

எடுத்திருந்தார். கழுத்து அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அவ நாலு மணிக்கு ஓடலாம். ஆனா முடிவு நிறுத்திவைப்புலதான் இருக்கும். தான் கையெழுத்துப் போடலைன்னு அவளே ஆறு மணிக்குள்ள எழுதிக் குடுக்கணும். பரீட்சை ஹாலுக்கு வந்திருந்தாள்னு அத்தாட்சியும் வேணும். இல்லேன்னா எதிர்க் கல்லூரிக்காரன் என்னைக் கடிச்சுத் தின்னுடுவான்."

மாலை மூன்று ஐம்பத்தைந்துக்கு டைரக்டர் பரீட்சைக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தார். பெவிலியனில் இருக்கும் தன் அலுவலகத்துக்குப் போக மைதானத்தைத்தான் தாண்டவேண்டும். வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. மனைவி விடைத்தாள் கட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். இந்த அறையிலிருந்து மைதானம் தெரியாது. வேப்பமரமும் தண்ணீர்த் தொட்டியும்தான் தெரியும். அவர் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே நடந்தார்.

"உட்காருங்க. எனக்குத் தலை சுத்துது."

"உட்கார்ந்தா எனக்குச் சுத்துது."

டுமீல்!

அவர் நின்றுவிட்டார். உதடு எண்ணத் தொடங்கியது. இருபது. முப்பது. காற்று எதிர்த்திசையில் அடித்ததால் கூட்டத்தின் சத்தம் வருவதும் போவதுமாக இருந்தது. ஐம்பது. அறுபத்தொன்றில் கடைசிச் சுற்று மணி அடித்தது.

"அய்யய்யோ! யார் முன்னாடி இருக்காங்க? தீக்குச்சியா இருந்தா செத்தா! அறுபத்தி மூணுக்கு மேலதான் வரணும், இவ்வளவு வேகம் ஆகாது, யாராவது போய்..." பாதிப் படி இறங்கிவிட்டார்.

"எங்கே போறீங்க?"

நின்றார். திரும்பி ஏறினார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தைப் பார்த்தார். மரத்துக்கு ஓட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. கூட்டம் ஒருமுறை பெரிதாகக் கத்தியது, பிறகு அடங்கியது. யாருக்காகக் கத்தினார்கள்? மனைவியின் கைபேசியை எடுத்தார், வைத்தார், எடுத்தார்.

"போன் பண்ணவா?"

"பண்ணுங்க."

பண்ணவில்லை.

இருபத்தைந்து நிமிடம் கழித்துப் படியில் காலடி கேட்டது. தீக்குச்சி. கழுத்தில் ஸ்பைக்ஸ் தொங்கியது. முழங்காலில் சிராய்ப்பு, உதட்டோரம் உப்புப் பூத்திருந்தது. அவரைப் பார்த்துவிட்டுப் பார்க்காதவள் மாதிரி மேசைக்குப் போனாள்.

"மேடம், நான் காலையில இங்கே இருந்தேன்னு அத்தாட்சி வேணும். ரெண்டாவது வந்திருக்கேன். ஆனா நிறுத்தி வெச்சிருக்காங்க."

"உட்காரும்மா."

"இல்ல மேடம், நின்னுக்கிறேன். ஒரு பேப்பரும் குடுங்க. கையெழுத்து நான் போடலைன்னு எழுதித் தரணுமாம். கோச் எல்லாத்தையும் ஓட்டம் முடிஞ்சப்புறம்தான் சொன்னாங்க. என்ன எழுதணும் மேடம்?"

மனைவி பேனாவை நகர்த்தி வைத்தார். "நான் சொல்லித்தரக் கூடாதும்மா. அவர் என் வீட்டுக்காரர். உண்மை என்னவோ அதை நீயே எழுது."

அவள் நின்றபடியே எழுதினாள். அவளுக்குப் பின்னால் டைரக்டர் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தார். நாலு வரி எழுத எவ்வளவு நேரம்! பேனா நின்றது. நின்றே இருந்தது.

"'போலியாக'ன்னு எழுதணுமா சார்?" என்றாள் திரும்பாமல்.

"எழுது. தேதியும் போடு."

"தேதி போடத் தெரியும் சார். என் கையெழுத்தும் எனக்குப் போடத் தெரியும்."

 அவள் பெயரை முழுசாக, அழுத்தி எழுதினாள். மனைவி அத்தாட்சியில் முத்திரை குத்திக் கொடுத்தார். இரண்டு காகிதத்தையும் மடித்துக்கொண்டு கதவுவரை போனவள், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சு இன்னும் சீராகவில்லை.

"முதல் சுத்து அறுபத்தொண்ணு சார். கடைசி ஐம்பதுல கால் செத்துப் போச்சு. ஒருத்தி தாண்டிட்டா."

டைரக்டர் வாயைத் திறந்தார். சொல்வதற்கு அவரிடம் ஒரு மணி நேரத்துக்கு இருந்தது. முதல் இருநூறைப் பற்றி, தோளைப் பற்றி, இப்படி நிற்காமல் நடந்துகொண்டே இருக்கவேண்டும் என்பதைப் பற்றி.

"கோச்சைக் கேளும்மா," என்றார்.

"கேட்டுட்டேன். திட்டினாங்க."

அவள் இறங்கிப் போனாள். மணி நாலு முப்பத்தொன்று. ரூல்தடியின் மேசைக்கு நானூறு மீட்டர். எவ்வளவு மெதுவாக நடந்தாலும் ஆறு மணிக்குள் போய்விடலாம். டைரக்டர் ஜன்னலுக்குப் போனார். அங்கிருந்து கதவுக்கு வந்தார்.

"இந்தாங்க," என்று மனைவி ஒரு விடைத்தாள் கட்டை நீட்டினார். "சும்மா நடக்கிற நேரத்துல இதைக் கீழே பீரோவுல வெச்சுட்டு வாங்க. எங்கேயும் கையெழுத்து மட்டும் போட்டுடாதீங்க."